இடது கையைத் தூக்கினால் போதும்

வாயை மூட முடியாது, பேசவும் முடியாது. பசை இறுக நாலு நிமிஷம் ஆகுமாம். "மூக்கால மூச்சு விடுங்க, தலையை லேசா முன்னால சாச்சுக்கங்க. ரொம்ப முடியலைன்னா இடது கையைத் தூக்குனாப் போதும், எடுத்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, டாக்டரம்மா பல் அச்சு எடுக்கிற தட்டை என் மேல்வரிசைப் பல்லில் அப்பி ரெண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தட்டு நிறைய ரோஸ் நிறப் பசை. வாசனை என்னவோ குழந்தைகள் சப்பும் மிட்டாய் வாசனைதான். ஆனால் அது அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு தொண்டைப் பக்கம் நகர்கிறதா, நகர்கிற மாதிரி எனக்குத் தோன்றுகிறதா, தெரியவில்லை. எதிர்ச் சுவரில் கடிகாரம். தட்டு உள்ளே போனபோது நொடி முள் எட்டில் இருந்தது. எட்டிலா, ஒன்பதிலா. எட்டு என்றே வைத்துக்கொள்வோம், எனக்குத்தான் லாபம். இடது கையைத் தூக்கினால் போதுமாம். என் இடது கைக்கு இருபத்து மூன்று வருஷமாகக் கியர் மாற்றத்தான் தெரியும், இப்படி நாற்காலிக் கைப்பிடி மேல் சும்மா கிடந்து பழக்கமில்லை. தட்டை வைப்பதற்கு முன்னால் அவர் ஒன்று கேட்டார். அதுவும் இப்போது பசையோடு சேர்ந்து வாய்க்குள்தான் இருக்கிறது. "தலை சுத்தல் ஏதாச்சும் இருக்குங்களாண்ணா?" நான், "அதெல்லாம் இல்லீங்க" என்றேன். அவர் உடனே வாயைத் திறக்கச் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அதற்குப் பத்து நிமிஷம் முன்னால் இந்த நாற்காலியைப் பின்னால் சாய்த்தபோது, தலைக்கு மேலே இருந்த விளக்கு ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போனது, நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். அவர் அதைப் பார்த்திருக்கலாம், பார்க்காமலும் இருந்திருக்கலாம். பெயர் நிலோஃபர் என்று கதவில் எழுதியிருந்தது. முப்பது வயசுகூட இருக்காது.

வலி எங்கே ஆரம்பித்தது என்று முதலில் கேட்டார். அதைத்தான் நானும் ஆறு மாசமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். காதுக்கு முன்னால் விரலை வைத்து "தொறந்து மூடுங்க" என்றார். டக் என்றது. எனக்குள் மட்டும் கேட்கிற சத்தம் என்று நினைத்திருந்தேன், வெளியே இன்னொருவர் விரலுக்கும் அது தெரியும் என்பது இன்றைக்குத்தான் தெரியும். மூன்று விரலை நெட்டுக்குத்தலாக வாய்க்குள் வைக்கச் சொன்னார், ரெண்டுதான் போனது. கன்னத்தை அழுத்தினார், காதுக்குக் கீழே அழுத்தினார், கழுத்தின் பக்கவாட்டு நரம்பைப் பிடித்தபோது வலி கழுத்தில் நிற்காமல் கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. "பல்லுல ஒண்ணுமில்லீங்க. தாடை மூட்டுலதான். அது இழுத்தாக் கழுத்து இழுக்கும், கழுத்து இழுத்தாத் தாடை இழுக்கும், காதும் அடைக்கும்" என்றார். பல்லில் ஒன்றுமில்லை. அப்படியானால் போன மாசியில் இன்னோர் இடத்தில் பிடுங்கிப் போட்ட கடைவாய்ப் பல் என்ன பாவம் செய்தது? அந்த டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, "பல்லு நல்லாத்தான இருக்குது" என்று ரெண்டு தடவை சொன்னார். "வலிக்கறது எனக்குங்க, உங்களுக்கில்லை" என்று நான்தான் அடம்பிடித்துப் பிடுங்கவைத்தேன். பிடுங்கின பல்லைப் பஞ்சில் வைத்துக் காட்டினார்கள், அத்தனை வெள்ளை. பல் போனது, வலி போகவில்லை. பஸ் போன பிறகும் ஸ்டாப்பிலேயே நிற்கிற ஆள் மாதிரி அந்த ஓட்டைப் பக்கமே நின்றது. தனபாக்கியம், என் சம்சாரம், அவள் கணக்கே வேறு. "தூக்கத்துல நறநறன்னு பல்லைக் கடிக்கறீங்க, வயித்துல பூச்சி" என்று மூன்று நாள் வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டி விழுங்கவைத்தாள். ஐம்பத்திரண்டு வயசில் பூச்சி மருந்து. பூச்சி இருந்திருந்தால் செத்திருக்கும், பல் கடிப்பது சாகவில்லை. இந்த அம்மா சொன்னதுதான் எல்லாவற்றையும்விட அதிசயம். "சும்மா இருக்கறப்ப உதடு சேரலாம், பல்லு சேரக்கூடாதுங்க. மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவுல எடம் இருக்கணும்." ஐம்பத்திரண்டு வருஷமாக வாயை மூடு என்றால் பல்லையும் சேர்த்துத்தான் மூடிக்கொண்டிருக்கிறேன். ஒருத்தர் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் வாயை மூடு வாயை மூடு என்று அத்தனை வாத்தியார்கள் சொன்னார்களே, எப்படி மூடுவது என்று ஒருத்தராவது சொன்னார்களா?

ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். எச்சில் ஊறுகிறது, முழுங்க முடியவில்லை, கடைவாயில் வழிகிறது. அவர் பஞ்சுத் துணியால் துடைத்துவிடுகிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது. "எப்பெப்பப் பல்லைக் கடிக்கறீங்கன்னு கவனிங்க, வயல்ல பாரம் தூக்கறப்பக் கடிப்பீங்களாட்டம்" என்றும் சொன்னார், நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். ஏனென்றால் வாசலில் கொடுத்த தாளில் தொழில் என்கிற இடத்தில் விவசாயம் என்று எழுதியிருக்கிறேன். எனக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. அந்தப் பொய் சேலத்தில் பிறந்தது. தலைசுற்றலுக்குக் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்க நாமக்கல்லை விட்டுச் சேலம் போனேன், டிப்போ ஆட்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று. என்ன வேலை என்று அவர் கேட்டதும் வாய் தானாக விவசாயம் என்றது. அவர் மாத்திரை எழுதிவிட்டு ரொம்ப அக்கறையாக, "மரம் ஏறாதீங்க, கெணத்து மேட்டுல நிக்காதீங்க" என்றார். நான் மரமும் ஏறவில்லை, கிணற்று மேட்டிலும் நிற்கவில்லை, டாக்டர் சொல்லை அட்சரம் தவறாமல் காப்பாற்றினேன். மறுநாள் காலை முதல் டிரிப்புக்கு வண்டி எடுத்துக்கொண்டு கொல்லிமலைக்கு ஏறினேன். அவரிடம் தாடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, காது டாக்டருக்குத் தாடை எதற்கு. கழுத்தைப் பார்த்த எலும்பு டாக்டரிடம் தலைசுற்றலைச் சொல்லவில்லை, அவர் தேய்மானம் என்று ஒரு பட்டையைக் கொடுத்தார், அதைப் போட்டால் கழுத்தைத் திருப்ப முடியாது, கழுத்தைத் திருப்பாமல் பஸ் ஓட்ட முடியாது, அது சமையற்கட்டு ஆணியில் தொங்குகிறது. பல் டாக்டரிடம் பல்லை மட்டும் சொன்னேன். ஆளுக்கு ஒரு துண்டாகப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, ஒருத்தருக்கும் நோய் பிடிபடவில்லை என்று அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே என்பார்கள். இங்கே சொன்னவனும் நான், கேட்டவனும் நான்.

கழுத்துக்கு டாக்டருக்கு முன்னாலேயே வைத்தியம் பார்த்தாயிற்று. எங்கள் தெருவில் அத்தாயி என்று ஒருத்தி, கால் முதலில் வெளியே வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் தடவினால் சுளுக்கு விட்டுவிடும் என்று தனபாக்கியம் அவளை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வாசலில் குப்புறப் படுத்தேன். அத்தாயி காலைக் கழுவிவிட்டு வந்து என் பிடரியில் மூன்று தடவை பாதத்தை வைத்து இழுத்தாள், தெருவே நின்று பார்த்தது. "பஸ்ஸுல சில்லறைக்கு மல்லுக்கட்டுனதுக்கெல்லாஞ் சேத்து மிதிச்சுரு அத்தாயி" என்று ஒருத்தன் சொன்னான். சில்லறை கண்டக்டர் வேலை, மிதி டிரைவருக்கு. அன்றைக்கு ராத்திரி வலி இல்லை, அதுதான் வேடிக்கை. மறுநாள் முடிவெட்டுகிற கடையில் நெட்டி எடுக்கிறேன் என்று கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகினார்கள், மடமடவென்று எட்டுப் பத்துச் சத்தம் வந்தது. சுகமாக இருந்தது. எழுந்து நின்றபோது கண்ணாடியில் என் முகம் இடம் மாறி நின்றது. ஒரு நொடிதான். அதுதான் முதல் தடவையா? இல்லை, அதற்கு முன்னால் மலை மேல் சோளக்காடு ஊர் டீக்கடையில் கொட்டாவி விட்டு வாய் பூட்டிக்கொண்டதே, அன்றைக்கும் லேசாக இருந்தது. எது முதல், எது பின்னால்? தாடையா கழுத்தா தலையா? ஒரு நூலைப் பிடித்தால் இன்னொன்று கூடவே வருகிறது. வாய் கோணினால் கழுத்து, கழுத்து திரும்பினால் தலை, தலை சுற்றினால் பயம், பயத்தில் பல்லைக் கடிக்கிறேன், பல்லைக் கடித்தால் தாடை. மறுபடி முதலிலிருந்து வளைவு எண்ண வேண்டியதுதான்.

வளைவு. அடிவாரத்துக் காரவள்ளியில் ஏறினால் மேலே போய்ச் சேர எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை உண்டு, எனக்குப் பலகை வேண்டாம். ஒன்பதில் புளியமரம், இருபத்திரண்டில் குரங்குகள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும், ஐம்பதைத் தாண்டினால் காது அடைத்துக் காற்று குளிரும். கீழே வரும்போது அதே எழுபது. ஒரு நாளைக்கு மூன்று நடை, நானூற்றிருபது வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பும்போது பல்லைக் கடிக்கிறேன். இப்போது யோசித்தால் தெரிகிறது, அப்போது தெரியவில்லை. நானூற்றிருபது தடவை பல்லைக் கடித்துவிட்டு ராத்திரி தூக்கத்திலும் ஓட்டியிருக்கிறேன் போல, தனபாக்கியம் அதைத்தான் பூச்சி என்றிருக்கிறாள். பாவம், அவளுக்கு யார் சொல்வது. மலைக்கு ஏறுகிறவர்கள் பாதிப்பேர் கையில் எலுமிச்சம்பழத்தோடுதான் ஏறுவார்கள், தலைசுற்றலுக்கு முகர்ந்துகொண்டே வருவார்கள். நான் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொள்வேன். "தலை சுத்தறது உங்களுக்குத்தான், வண்டிக்கில்லை" என்று சொல்வேன். இருபத்து மூன்று வருஷமாக அதே சொல். பெரியண்ணன் அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டான். பெரியண்ணன் என் கண்டக்டர், மலையில் பிறந்தவன், என்னைவிடப் பதினைந்து வயசு சின்னவன். அவன் பெயரே பெரியண்ணன், அவன் என்னை அண்ணா என்பான், நான் அவனைப் பெரியண்ணா என்பேன், கேட்கிறவர்களுக்கு யார் பெரியவர் என்று குழப்பம்.

ரெண்டு நிமிஷம். இல்லை, ரெண்டேகால். பசை தொண்டையில் முட்டுகிறது. குமட்டல் வருகிறது. மூக்கால் மூச்சு. மூக்கால். கையைத் தூக்கலாமா? தூக்கினால் அவர் தட்டை எடுத்துவிடுவார். எடுத்தால் வாய் காலியாகும். காலியானால் அந்தக் கேள்வி அங்கேயேதான் இருக்கும். வேண்டாம், இந்தப் பசையே தேவலை. நேற்று நடந்ததற்கு ஒன்றும் அர்த்தமில்லை. முப்பத்தேழாவது வளைவில் குரங்கு குறுக்கே வந்தது, பிரேக் போட்டேன். அவ்வளவுதான். பஸ்ஸில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். பெரியண்ணன் சத்தமாகச் சொன்னான், "ஒண்ணுமில்லைங்க, கொரங்கு குறுக்க ஓடிருச்சு." நாற்பது பேரும் ஜன்னல் பக்கம் எட்டிக் குரங்கைத் தேடினார்கள், ஒரு பெரியவர் "அதா போகுது" என்றுகூடச் சொன்னார். இல்லாத குரங்கு அவர் கண்ணுக்குத் தெரிந்தது. எனக்கும் இப்போது தெரிகிற மாதிரிதான் இருக்கிறது. வாலைத் தூக்கிக்கொண்டு சுவர் மேல் ஏறியதே. ஏறியதா? சுவர்தானே நகர்ந்தது.

சுவர்தான் நகர்ந்தது. மேலேயிருந்து வண்டி இறங்குகிறதா என்று கழுத்தை வலப்பக்கம் திருப்பி அண்ணாந்து பார்த்தேன், டக் என்றது, பள்ளத்துப் பக்கச் சுவர் சர்ரென்று ஒழுகிக்கொண்டு போனது. இடது கை கியரைத் தேடியது, கியர் அங்கே இல்லை. கியர் எங்கே போகும்? அங்கேதான் இருந்தது. கை எங்கே போனதென்று எனக்குத்தான் தெரியவில்லை. கால் மட்டும் தன் வேலையைச் செய்தது. வண்டி நின்றபோது சுவருக்கும் முன் சக்கரத்துக்கும் ஒரு முழம் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சி தெரிந்தது. எத்தனை நொடி? ரெண்டு இருக்கும், மூன்று இருக்கும். மேலே செம்மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் படுத்தேன். இறங்கும்போது முதல் கியரிலேயே இறக்கினேன். பெரியண்ணன் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு வந்து எழுபது வளைவும் என் பக்கத்திலேயே நின்றான். டிப்போவில் வண்டியை விட்ட பிறகுதான் பேசினான். "அண்ணா, நாளைக்கு உங்களுக்கு லீவு. ஒரே டாக்டர்கிட்டப் போயி எல்லாத்தையும் ஒண்ணாச் சொல்லுங்க. மறைக்காமச் சொல்லுங்க. சொல்லாம வந்து சனிக்கிழமை வண்டில உக்காந்தீங்கன்னா நான் விசில் குடுக்க மாட்டேன்." நான் சிரித்தேன். "விசில் குடுக்காட்டி வண்டி போவாதாடா?" என்றேன். "போவாதுங்கண்ணா" என்றான். அவன் சொன்னது சரிதான். ஒரு விசிலுக்கு நிற்கும், ரெண்டு விசிலுக்குப் போகும், விசில் இல்லாமல் நான் இத்தனை வருஷத்தில் ஓர் அடி வண்டியை நகர்த்தியதில்லை. அவன் மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. நேற்று வந்த பையன் எனக்கு விசில் கொடுக்க மாட்டானாம். அவனுக்கு என்ன தெரியும்? டாக்டர் தலைசுற்றல் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், டிப்போவில் என்னை ஸ்டியரிங்கை விட்டு இறக்கிவிடுவார்கள். தூரப்பார்வை மங்கி இறக்கிவிடப்பட்ட காளியப்பன் இப்போது டிப்போ கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து போகிற வருகிற வண்டி நம்பரை நோட்டில் எழுதுகிறார். அவர் ஒரு காலத்தில் திருப்பதி வண்டி ஓட்டியவர். வண்டி வெளியே போகும்போது அவர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார், நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். எனக்கு அந்த ஸ்டூலைக் கண்டால் பயம். பள்ளத்தைவிட அதற்குத்தான் பயந்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

மூன்று நிமிஷம். டாக்டரம்மாவின் விரல் நடுங்காமல் அப்படியே இருக்கிறது. எனக்கு இந்த விரல் மேல் ஒரு பொறாமை. அந்தப் பழம் எங்கே? நேற்றுப் போட்ட காக்கிச் சட்டைப் பையில்தான் இருக்கும், தனபாக்கியம் துவைக்கப் போட்டிருப்பாள், எலுமிச்சம்பழம் எதற்கு என்று கேட்பாள். வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். அது யார் பழம் என்று கேட்டால் என்ன சொல்வது. டாஷ்போர்டில் பூஜைக்கு வைத்தது என்று சொல்லலாம். அது பூஜைப் பழமில்லை. காரவள்ளியில் ஒரு பெண் ஏறினாள், இருபத்தைந்து வயசிருக்கும், இடுப்பில் நாலு வயசுப் பெண் குழந்தை, கையில் இந்தப் பழம். எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். "டிரைவரண்ணா, கொஞ்சம் மெதுவாப் போங்க, எனக்குத் தலை சுத்தும்" என்றாள். நான் வழக்கம்போல, "தலை சுத்தறது உங்களுக்குத்தான், வண்டிக்கில்லை" என்றேன். அவள்கூடச் சிரித்தாள். முப்பத்தேழில் பிரேக் போட்டபோது அவள் கையிலிருந்த பழம் உருண்டு வந்து என் கிளட்ச் பக்கம் நின்றது. குனிந்து எடுத்தேன். எடுத்து அவளிடம் கொடுத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாமல் அதை மூக்கில் வைத்து முகர்ந்தேன். ஒரு தடவை இல்லை, ரெண்டு மூன்று தடவை, கண்ணை மூடிக்கொண்டு. கண்ணைத் திறந்து திரும்பினால் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் நாற்பது பேரும் குரங்கைத் தேடுகிறார்கள், அவள் மட்டும் என்னைப் பார்க்கிறாள். பழத்தை நீட்டினேன். "நீங்களே வெச்சுக்கங்கண்ணா" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெரியண்ணன் ரெண்டு விசில் கொடுத்தான், கிளம்பினேன். நாற்பத்தொன்றில் அவள் குரல் கேட்டது. "எறங்கிக்கறேனுங்க." பெரியண்ணன், "இங்க ஊரே இல்லியேம்மா, காடு" என்றான். "பரவாயில்லீங்க, எறங்கிக்கறேன்." ஒரு விசில். நிறுத்தினேன். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினாள், குழந்தையின் செருப்பு ஒன்று படியில் விழுந்தது, அதைக் குனிந்து எடுத்துக்கொண்டாள். வாந்தி வருகிறது போல என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அவளுக்கு வாந்தி வரவில்லை. என் வண்டியில் உட்கார்ந்திருப்பதைவிடக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருபத்தொன்பது வளைவு நடப்பது மேல் என்று நினைத்தாள். கண்ணாடியில் பார்த்தேன், சாலை ஓரமாக நடந்துகொண்டிருந்தாள், தலையைத் திருப்பவில்லை. அடுத்த வளைவில் கண்ணாடியிலிருந்து போய்விட்டாள். இறங்கி வரும்போது ஒவ்வொரு வளைவிலும் பார்த்தேன். அறுபதில் இல்லை, ஐம்பதில் இல்லை, நாற்பத்தொன்றில் இல்லை. ஊருக்குப் போய்ச் சேர்ந்தாளா? வேறு வண்டி கிடைத்ததா? எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது. அவளைவிடப் பெரிய டாக்டர் யார்? அவள் எக்ஸ்ரே எடுக்கவில்லை, வாயைத் திறக்கச் சொல்லவில்லை. பார்த்தாள், இறங்கிவிட்டாள். மிச்சம் நாற்பது பேரும் என்னை நம்பி உட்கார்ந்திருந்தார்கள், குரங்கை நம்பி உட்கார்ந்திருந்தார்கள்.

இடது கை கைப்பிடியில் இல்லை. எப்போது தூக்கினேன்? என் முகத்துக்கு நேராக நிற்கிறது. "இன்னும் முப்பதே செகண்டுங்க, மூக்கால மூச்சு விடுங்க" என்கிறார் டாக்டரம்மா. குமட்டல் என்று நினைக்கிறார். நான் கையை இறக்கவில்லை. ஒரு விரலை நீட்டித் தலைக்குப் பக்கத்தில் வட்டமாகச் சுற்றுகிறேன். பைத்தியம் என்று காட்டுவதற்கும் அதே சைகைதான், இருந்துவிட்டுப் போகட்டும். அவர் என் விரலைப் பார்க்கிறார், என் கண்ணைப் பார்க்கிறார். தட்டைச் சட்டென்று இழுத்து எடுத்தார். பாதி இறுகின பசை பிய்ந்து பல்லிடுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டது.

"தலை சுத்துதுங்களா? இப்பவா?"

"இப்ப இல்லீங்க. நேத்து. முப்பத்தேழுல."

"முப்பத்தேழுன்னா?"

"வளைவுங்க. கொல்லிமலையில."

"உங்க தோட்டம் அங்கீங்களா?"

"தோட்டமே இல்லீங்க" என்றேன். எச்சிலும் பசையும் சேர்ந்து மோவாயில் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "நான் பஸ் டிரைவருங்க. அந்த மலைக்குத்தான் ஓட்டறேன்."

அவர் முகத்தில் கட்டியிருந்த துணியைக் கழற்றினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் முதல் தடவையாக எல்லாவற்றையும் ஒரே வாயால் சொன்னேன். தாடை, கழுத்து, சுவர் நகர்ந்தது, அத்தாயி கால், வெள்ளைப் பல், சேலம், எலுமிச்சம்பழம். முன்னுக்குப் பின் முரணாகத்தான் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். நான் முடித்ததும், "தாடையையும் கழுத்தையும் நான் பாக்கறேங்கண்ணா. ராத்திரி போட்டுக்கப் பல்லுக்கு ஒரு உறை செஞ்சு தர்றேன், கழுத்துக்குப் பயிற்சி குடுக்கறவங்களுக்கும் எழுதறேன். ஆனா தலை சுத்தல் இதனாலதான்னு நான் சொல்ல மாட்டேன். இதனாலயும் வரும், வேற எதனாலயும் வரும். சேலத்து டாக்டர்கிட்ட மறுபடி போயி உண்மையைச் சொல்லுங்க, நான் லெட்டர் தர்றேன். அது முடியற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடாதீங்க" என்றார்.

"அப்புறம் ஓட்டலாங்களா?"

"தெரியலீங்கண்ணா."

தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டதில்லை. டிப்போ கேட் ஸ்டூல் கண் முன்னால் வந்து நின்றது, காளியப்பன் சிரித்தார். ஆனால் ஒன்று, அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. "அச்சு வீணாப் போச்சு, வாயைக் கொப்புளிங்க, திரும்ப எடுக்கணும்" என்று கிண்ணத்தைக் கழுவப் போனார். நான் போனை எடுத்துப் பெரியண்ணனைக் கூப்பிட்டேன்.

"நாளைக்கு வேற டிரைவர் போடச் சொல்லீரு" என்றேன். "சொல்லீட்டேன். எல்லாத்தையுமே சொல்லீட்டேன்."

"சொல்லீர்றேங்கண்ணா" என்றான். பிறகு பெரியண்ணன் சொன்னான், "அண்ணா, அந்தப் பொண்ணு ஊடு போய்ச் சேந்துருச்சுங்க. நாப்பத்தெட்டுல பால் வண்டிக்காரன் ஏத்திக்கிட்டானாம். நேத்தே விசாரிச்சுட்டேன். கொழந்தையும் நல்லா இருக்குதாம்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "நேத்தே தெரியுமாடா? ஏன்டா எங்கிட்டச் சொல்லலை?"

"நீங்க கேக்கவே இல்லியேண்ணா" என்றான்.

டாக்டரம்மா தட்டில் புதுப் பசையை நிரப்பிக்கொண்டு வந்தார். போனைப் பையில் வைத்துவிட்டு வாயைத் திறந்தேன்.